1962: ஒரு ரசிகனின் ஏழு பாடல்கள்

(தூத்துக்குடியில் இசை ரசிகர்கள் கூடிய ஓர் ஆண்டிறுதிக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'ஓர் ஆண்டு, ஒரு ரசிகன், பிடித்த பாடல்கள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எந்த ஆண்டு என்று சொல்லவில்லை. இப்போது டிசம்பர் மாதம் என்பதால் நடப்பு ஆண்டைப் பற்றித்தான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் 1962-ஐ எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆண்டில் நான் பிறந்திருக்கவில்லை. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். நாம் பள்ளிக்கூடம் போன காலத்துப் பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னால் பாட்டையா பேசுகிறோம்? கூடப் படித்தவர்களைப் பேசுகிறோம், முதல் சைக்கிளைப் பேசுகிறோம், யார் வீட்டு மாடியில் எந்தப் பாட்டு ஒலித்தது என்று பேசுகிறோம். பாட்டு அதற்கொரு சாக்கு. அதில் தப்பில்லை. ஆனால் அது நல்ல பாட்டுத்தானா என்று நினைவைக் கேட்டால் நேர்மையான பதில் வராது. 1962-ல் எனக்கு அப்படி எந்தச் சொந்தமும் இல்லை. காதில் விழுவதை மட்டும் வைத்துக்கொண்டு பேசலாம்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு பாட்டுப் பிடிக்கும் என்றால், அந்தப் பாட்டில் எந்த இடம் பிடிக்கும் என்று சொல்லத் தெரிய வேண்டும். 'மொத்தமாவே பிடிக்கும்' என்று சொல்கிறவர் பதில் சொல்லாமல் நழுவுகிறார். ஏழு பாடல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டப் போகிறேன். அதற்கு முன்னால், அந்தப் பாடல்கள் இந்தக் கரைக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று பார்த்துவிடுவோம்.

அன்றைய கரை

1962-ல் தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் ஊர். தனி மாவட்டமானது 1986-ல். இன்று நாம் பார்க்கிற புதுத் துறைமுகம் அன்று கிடையாது. தூத்துக்குடி பெருந்துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டதே 1974-ல்தான். பழைய துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வரமாட்டா. அவை தள்ளி ஆழத்தில் நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். பாய்த்தோணிகள் கொழும்புக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கடைசியாக நடந்தது 1961-ல். 1955-ல் தொடங்கி அந்த ஆண்டு வரை நடந்த சலாபம் அதோடு நின்றது. முன்பும் பல ஆண்டுகள் விட்டுவிட்டு நடந்ததுதான் அது. கடலடிப் பார்களில் சிப்பி தேறாவிட்டால் கடலை விட்டுவைப்பார்கள், தேறியதும் மறுபடி இறங்குவார்கள். இம்முறை விட்டது விட்டதுதான். 1973-ல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இதே ஊரில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். அது ஆராய்ச்சியின் வெற்றி, சலாபம் திரும்பவில்லை. ஆக, கொற்கைக் காலம் தொட்டு முத்துக்குப் பேர் வாங்கிய கரையில், முத்துக் குளிக்காத காலம் தொடங்குவது 1962-ல். அந்த ஆண்டில் சங்கு குளிக்கப் போன யாருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. அடுத்த வருஷம் சலாபம் உண்டு என்று நம்பிக்கொண்டேதான் அவர்கள் அந்த ஆண்டின் பாட்டைக் கேட்டிருப்பார்கள்.

எதில் கேட்டார்கள்? இங்கே கடலைக் குறுக்கே வைத்துப் பேசியாக வேண்டும். பி.வி.கேஸ்கர் 1952 முதல் 1962 வரை மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சர். சினிமாப் பாட்டு நாட்டின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருங்கியது. அதே நேரத்தில், 1950-ல் தொடங்கிய ரேடியோ சிலோனின் வர்த்தக ஒலிபரப்பு, பாட்டை அள்ளி வழங்கிக்கொண்டிருந்தது. நாட்டு மக்களின் காது கொழும்பை நோக்கித் திரும்பியது. தமிழ் வர்த்தக ஒலிபரப்பின் முன்னோடி அறிவிப்பாளர் எஸ்.பி.மயில்வாகனத்தின் குரல் கடல் கடந்து வீடுகளுக்குள் வந்தது. டெல்லி விழித்துக்கொண்டு 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கியது. ஆனால் நம் கரைக்காரனுக்குக் கொழும்பு அந்நிய ஊரா என்ன? உறவும் வியாபாரமும் அங்கே இருந்தன. தோணி போகிற ஊரிலிருந்து பாட்டு வருவது அவனுக்கு இயல்பாகவே பட்டது. பிற்காலத்தில் காற்று திசை மாறியது. நம் தூத்துக்குடியிலேயே 200 கிலோவாட் ஒலிபரப்பி அமைத்து, இலங்கைக்கு நாம் தமிழ் நிகழ்ச்சிகளை அனுப்பினோம்.

ஆண்டிறுதிப் பட்டியல் என்ற பழக்கம் இந்தப் பக்கத்தில் பரவியதும் அந்தக் கொழும்பிலிருந்துதான். 1952-ல் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சியில் அமீன் சயானி இந்திப் பாடல்களை வாராவாரம் வரிசைப்படுத்துவார். ஆண்டு முடிவில் அந்த ஆண்டுக்கே ஒரு வரிசை வரும். இங்கிலாந்தில் பி.பி.சி.யின் ஜான் பீல் 1976-ல் நேயர்களிடமே வாக்குக் கேட்டு ஐம்பது பாடல்கள் கொண்ட பட்டியலைத் தொடங்கினார். இவற்றிலெல்லாம் எத்தனையாவது இடம் என்று தெரியும். ஏன் என்று தெரியாது. அந்த 'ஏன்' ரசிகனின் வேலை. அந்த வேலைக்கு வருவோம்.

ஏழு பாடல்கள், ஏழு இடங்கள்

முதலில் 'கொஞ்சும் சலங்கை'. 1962 பொங்கலுக்கு வந்த படம். அதில் எஸ்.ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் வாசித்த 'சிங்கார வேலனே' பாடல். இதை நான் முதலில் வைப்பது ஊர்ப் பாசத்தால் என்று சிலர் சொல்லக்கூடும். பாசத்துக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. காருகுறிச்சியில் பிறந்த அருணாசலம், டி.என்.ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்று, கோவில்பட்டியைத் தன் ஊராக்கிக்கொண்டவர். இசையமைத்த எஸ்.எம்.சுப்பையா நாயுடு கடையநல்லூர்க்காரர். கு.மா.பாலசுப்பிரமணியம் எழுதிய அந்தப் பாட்டு அழைப்பது திருச்செந்தூர் முருகனை.

இதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு இடத்தைச் சொல்கிறேன். நாயகி பாடத் தொடங்குகிறாள். நடுவே நாதஸ்வரம் வந்து சேர்கிறது. திகைத்துப் பாட்டை நிறுத்திவிடுகிறாள். ஏன் நிறுத்தினாய் என்று நாதஸ்வரம் வாசிக்கும் நாயகன் கெஞ்சுகிறான். அந்த வசனமும் பாட்டோடு சேர்ந்தே வானொலியில் ஒலித்தது. பிறகு மறுபடி பாடத் தொடங்குகிறாளே, அதுதான் என் இடம். முதல் முறை பாடும்போது அவள் தனக்காகப் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை, பக்கத்தில் ஒருவர் கேட்கிறார் என்று தெரிந்து பாடுகிறாள். மெட்டு மாறவில்லை, குரலில் நிமிர்வு வந்திருக்கிறது. கடைசியில் வரும் ஸ்வரப் போட்டியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதுவும் லேசான காரியமில்லை. நாதஸ்வரம் தேரோடும் வீதிக்கென்று பிறந்த வாத்தியம். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பெண் குரலோடு அதை ஈடாக நிறுத்துவதற்கு, வாசிப்பவருக்கு அடக்கம் வேண்டும். அடக்கியும் நாதம் வாடக்கூடாது. இப்படி வாசித்த மனிதர் 1964-ல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, மறைந்துபோனார்.

இரண்டாவது, நம் ஊர்ப் பிள்ளை. 1927-ல் தூத்துக்குடியில் பிறந்த ஜோசப் பனிமயதாஸ், சினிமாவில் ஜே.பி.சந்திரபாபு. நம் ஊர்ப் பனிமய மாதாவின் பெயரைச் சுமந்தவர். தகப்பனார் ரோட்ரிகஸ் விடுதலைப் போராட்டக்காரர். அந்தக் காரணத்தால் குடும்பம் கொழும்புக்குப் போக, பையன் அங்கே வளர்ந்தான். மேல்நாட்டுப் பாட்டு அந்தக் காதுக்குள் இறங்கியது. தொண்டையைச் சட்டென்று உயரத்துக்குத் தாவவிட்டு இறக்கும் 'யோடலிங்' என்ற பாணியைத் தமிழ் சினிமாப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். நான் எடுப்பது வித்தை காட்டும் பாட்டை அல்ல. 1962 டிசம்பரில் வந்த ஏ.வி.எம்.மின் 'அன்னை' படத்தில், ஆர்.சுதர்சனம் இசையில், கண்ணதாசன் எழுத்தில் அவர் பாடியது. கெட்டிக்காரர்கள் எல்லோரும் ஜெயிப்பதில்லை, ஜெயித்தவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள் இல்லை என்ற கருத்தில் வருமே, அது.

முதல் அடி சொன்னதை இரண்டாம் அடி புரட்டிப் போடுகிறது. அந்தப் புரட்டுகிற இடத்தைக் கேளுங்கள். வேறு பாடகராக இருந்தால் அங்கே ஓர் அழுத்தம் கொடுப்பார், கேட்பவனை நிமிர்ந்து பார்க்க வைப்பார். சந்திரபாபு அப்படியே கடந்து போகிறார். இதில் வியக்க என்ன இருக்கிறது, உலகம் தெரிந்ததுதானே என்கிற தொனி. சிரிக்க வைத்துப் பிழைத்த மனிதர் சிரிக்காமல் பாடும்போது வரும் கனம் அந்த அலட்சியத்தில் இருக்கிறது. அதே ஆண்டில் 'போலீஸ்காரன் மகள்' படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரியோடு அவர் கலகலவென்று பாடியதை இதற்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால், ஒரே தொண்டைக்குள் இரண்டு ஆட்கள் குடியிருந்தது தெரியும்.

மீதி ஐந்துக்கும் இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. இது என் ஓரவஞ்சனை இல்லை. அந்த ஆண்டின் நிலவரம். 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் அவர்களுக்கு 1963-ல்தான் வந்தது. பட்டத்துக்கு உரிய வேலையை 1962-லேயே முடித்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

மூன்றாவது, ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. ஏறக்குறையப் படம் முழுவதும் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. நோயாளிக் கணவன், தான் இறந்துவிட்டால் நீ மறுமணம் செய்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். அதற்கு அவள் சொல்லும் பதில்தான் பி.சுசீலா பாடிய 'சொன்னது நீதானா'. 'சொல்' என்ற ஒரே சொல் மூன்று முறை அடுத்தடுத்து வரும். என் இடம் அது. வாயைத் திறந்து சத்தமாகக் கேட்க வேண்டிய கேள்வி. சுசீலா அதைச் சத்தமாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் கேள்வியின் வேகம் குறைந்து மன்றாட்டு கூடுகிறது. ஆஸ்பத்திரிக்குள் பாடும் பாட்டுக்கு எவ்வளவு சத்தம் வேண்டும் என்பது தெரிந்த குரல். சித்தாரும் அந்த அளவை மீறவில்லை. அடுத்த ஆண்டே ஸ்ரீதர் இந்தக் கதையை 'தில் ஏக் மந்திர்' என்று இந்தியில் எடுத்தார். சங்கர்–ஜெய்கிஷன் இசையில் அதுவும் பெரிதாக ஓடியது. இரண்டையும் கேட்டுவிட்டு நம்முடையதுதான் உசத்தி என்று சண்டைக்குப் போக எனக்கு விருப்பமில்லை. அந்தச் 'சொல்' மட்டும் இந்திக்குப் போகவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

நான்காவது, அதே ஸ்ரீதரின் 'சுமைதாங்கி'. பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடிய 'மயக்கமா கலக்கமா'. காக்கிநாடாவிலிருந்து வந்த குரல். உரக்கப் பாடுவதே ஆண் குரலுக்கு அழகு என்றிருந்த காலத்தில், காதருகே பேசுவது போலப் பாடியவர். பாட்டு கேள்வியாகத் தொடங்குகிறது. கேட்பவனும் பதில் சொல்பவனும் ஒரே ஆள். ஆறுதல் சொல்லும் வரிகளுக்கு வரும்போதும் குரல் உயர்ந்த பீடத்தில் ஏறிக்கொள்வதில்லை. கேள்வி கேட்ட அதே தாழ்வில் நின்று ஆறுதல் சொல்கிறது. அதுதான் நான் காட்டும் இடம்.

இந்தப் பாட்டின் பலனுக்குச் சாட்சி இருக்கிறது. சினிமாவில் வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டே கிளம்ப இருந்த வாலியிடம், ஸ்ரீநிவாஸ் தாம் புதிதாகப் பாடிய பாட்டு என்று இதைப் பாடிக் காட்டினார். வாலி கிளம்பவில்லை. இதை வாலியே பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டு ஆண்டு கழித்து, 1964-ல், 'படகோட்டி'யின் பாடல்கள் அனைத்தையும் எழுதியவர் அந்த வாலிதான். தரை மீது நின்றுகொண்டு கடல்காரர் பாட்டை எழுதினார். மணப்பாட்டிலிருந்து வேம்பார் வரை அதற்குத் தலையாட்டாத குப்பம் உண்டா? 1962-ன் ஒரு பாட்டு, 1964-ல் நம் கரைக்குச் சில பாட்டுகளை மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறது.

ஐந்தாவது 'ஆலயமணி'. பி.எஸ்.வீரப்பா தயாரிப்பு, கே.சங்கர் இயக்கம். டி.எம்.சௌந்தரராஜன் பாடிய 'கல்லெல்லாம்' என்று தொடங்கும் பாட்டு. சௌந்தரராஜன் குரலின் கம்பீரம் ஊருக்கே தெரியும். இந்தப் பாட்டில் அதை அவர் மடக்கி வைத்திருக்கிறார். அவரோடு கூட ஒரு பெண் குரல் சொல்லே இல்லாமல் முனகிக்கொண்டு வருகிறது. எல்.ஆர்.ஈஸ்வரி. துள்ளல் பாட்டுக்கு என்று பிற்காலத்தில் முத்திரை குத்தப்பட்ட குரல். அந்த முனகல் வரும் இடமெல்லாம் என் இடம். நாயகன் காதலியைப் புகழ்ந்து அடுக்கிக்கொண்டே போகிறான், சொல்லுக்குப் பஞ்சமில்லை. அவளுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. அவள் பதில் முழுவதும் அந்த முனகலில். வரி கொடுத்திருந்தால் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டாள்.

ஆறாவது, கொஞ்சம் சிரிக்கலாம். 'பலே பாண்டியா'. பி.ஆர்.பந்துலு 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார், நம் வ.உ.சி.யைத் திரைக்குக் கொண்டுவந்தார், கையைச் சுட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு, சிவாஜி அமெரிக்கா கிளம்புவதற்கு முன்னால், மளமளவென்று முடித்த படம் இது. சிவாஜிக்கு மூன்று வேடம், எம்.ஆர்.ராதாவுக்கு இரண்டு. 'நீயே உனக்கு' என்று தொடங்கும் பாட்டில் சௌந்தரராஜன் சங்கீதம் பாட, ராதாவுக்காக எம்.ராஜு ஜதி சொல்கிறார். படத்தில் பார்த்தால் ராதாவின் முகமும் கையும் படுத்தும் பாட்டில் வயிறு வலிக்கும். அதனால்தான் முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்கிறேன். கண்ணை மூடினால் வேடிக்கை பாதி போய்விடும், தாளம் மட்டும் நிற்கும். ஜதி கோணலாகப் போகிற மாதிரி போய், சரியாக வந்து சேர்கிற இடத்தைக் கேளுங்கள். கேலி செய்கிறவருக்கு வித்தை முழுவதும் கைவசம் இருக்கிறது. சங்கீதத்தைக் கேலி செய்ய அதற்கு மேல் தகுதி கிடையாது.

ஏழாவது 'பாத காணிக்கை'. கண்ணதாசன், சௌந்தரராஜன், 'வீடு வரை உறவு'. நம் பக்கத்தில் இழவு வீட்டில் ஒலிபெருக்கி கட்டினால் இந்தப் பாட்டு ஒலிக்காமல் இருக்காது. எவ்வளவு தூரம் யார் கூட வருவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போய், கடைசியில் கூட வருவது யார் என்று கேட்கிறது. பட்டினத்தார் கேட்ட கேள்வி. அதே 1962-ல் சௌந்தரராஜன் 'பட்டினத்தார்' என்ற படத்திலேயே நாயகனாக நடித்தார், ஜி.ராமநாதன் இசையில். ஒரே ஆண்டில் பட்டினத்தாராக வேடம் போட்டவரும் அவர், வேடமில்லாமல் பட்டினத்தாரின் சாரத்தைப் பாடியவரும் அவர்.

என் இடம் பல்லவியின் முடிவு. வீடு, வீதி, காடு வரை கூட வருவது யார் என்பதற்கு விடை தெரியும். அங்கெல்லாம் குரல் தீர்ப்புச் சொல்வது போல் உறுதியாக இறங்குகிறது. கடைசிக் கேள்விக்கு வந்ததும் அந்த உறுதி போய்விடுகிறது. பாடகருக்கும் விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி பாடாமல் விட்டாரே, அதற்காக இந்தப் பாட்டு என் பட்டியலில்.

விடுபட்டவை

எம்.ஜி.ஆர். ரசிகர்கள் முறைப்பது தெரிகிறது. 'தாயைக் காத்த தனயன்', 'குடும்பத் தலைவன்' என்று கே.வி.மகாதேவன் இசையில் வந்தவை உண்டு. சௌந்தரராஜனும் ஸ்ரீநிவாஸும் சேர்ந்து பாடிய 'படித்தால் மட்டும் போதுமா' படப் பாட்டு உண்டு. அதை வெளியே வைக்கும்போது எனக்கே கை நடுங்கியது. எஸ்.ஜானகி தாலாட்டாகப் பாடிய 'ஆலயமணி' பாட்டு இன்னொன்று. சண்டை போடுங்கள். ஆனால் ஆளைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். பாட்டில் இடத்தைச் சொல்லிச் சண்டை போடுங்கள். 'எந்த இடத்தைக் கேட்டீரு?' என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

தட்டில் ஏறாத பாட்டுகளும் விடுபட்டிருக்கின்றன. தோணியில் பாய் ஏற்றும்போதும் கரைவலை இழுக்கும்போதும் பாடிய அம்பாப் பாட்டுக்கு ஆண்டும் கிடையாது, இசையமைப்பாளரும் கிடையாது. விளாத்திகுளம் சுவாமிகள் 1962-ல் உயிரோடுதான் இருந்தார். சாகித்தியத்தை நம்பாமல் ராகத்தை மட்டும் மணிக்கணக்கில் பாடிய மனிதர். அவர் அந்த ஆண்டில் எந்தத் திண்ணையில், எந்த ராகத்தை, யாருக்கு முன்னால் பாடினாரோ, அதைக் கேட்டவர்களுக்கு 1962-ன் சிறந்த பாட்டு அதுதான். அதை நான் மறுக்க முடியாது. எந்த ஆண்டுப் பட்டியலும் பதிவானவற்றின் பட்டியல்தான்.

எட்டயபுரத்துப் பாடம்

இப்படி இடம் இடமாகக் கேட்பது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. நம் மாவட்டத்துச் சொத்து. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் கண்ணை மூடியது எட்டயபுரத்தில். அந்தப் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர், எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் 1904-ல் அங்கேயே அச்சிட்டு வெளியிட்ட நூல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. தெலுங்கு எழுத்தில் வந்த பெரிய நூல். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 229 அதில் இருக்கின்றன. சுப்பராம தீட்சிதரை இந்த வேலைக்குத் தூண்டியவர்களில் முக்கியமானவர் ஏ.எம்.சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவத் தமிழர்.

கிருதிகளின் பெயரை வரிசையாகப் போட்டுவிட்டுச் சுப்பராம தீட்சிதர் ஓய்ந்துவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஸ்வரம் எழுதி, எந்த ஸ்வரத்தை அசைக்க வேண்டும், எதை இழுக்க வேண்டும், எதைத் தொட்டு விலக வேண்டும் என்று கமகத்துக்குத் தனித்தனிக் குறி போட்டார். பாட்டுக்குள் இருக்கும் இடங்களை எழுத்தில் பிடித்துவைக்க எடுத்துக்கொண்ட சிரத்தை அது.

அந்த நூலைத் திறந்துகொண்டு என் முதல் பாட்டுக்கு வாருங்கள், ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. 'சிங்கார வேலனே' ஆபேரி ராகம் என்று எல்லோரும் சொல்கிறோம். இன்று பாடப்படும் ஆபேரியில் வருவது சதுஸ்ருதி தைவதம். சுப்பராம தீட்சிதரின் நூலில் உள்ள ஆபேரிக்குச் சுத்த தைவதம். எட்டயபுரத்துக் கணக்குப்படி, கோவில்பட்டி அருணாசலம் வாசித்தது ஆபேரியே இல்லை! இரண்டு ஊரும் பஸ்ஸில் ஏறினால் சட்டென்று போய்விடுகிற தூரத்தில் இருக்கின்றன. எது சரி என்று நான் பஞ்சாயத்துக்கு வரவில்லை. ஒரு ஸ்வரம் அரை இடம் நகர்ந்தால் ராகத்தின் பெயரே கேள்விக்குள்ளாகிறது என்பதைப் பாருங்கள். அவ்வளவு நுட்பமாகக் கேட்ட காதுகள் இந்த வட்டாரத்தில் இருந்திருக்கின்றன. அந்தக் காதுகளின் வாரிசுகளாகிய நாம், 'சூப்பர் பாட்டு' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளலாமா?

இன்று பட்டியல் போடுவதற்கு ஆள் தேவையே இல்லை. கைப்பேசியில் நாம் எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டோம் என்று கணக்கெடுத்து, டிசம்பர் வந்ததும் அதுவே நம் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்துவிடுகிறது. தம்பிமார்கள் அதைப் பெருமையோடு நண்பர்களுக்குக் காட்டுகிறார்கள். எத்தனை முறை கேட்டோம் என்பதை எந்திரம் சரியாகச் சொல்லும். எங்கே நின்றோம், எந்த இடத்துக்காகத் திரும்பவும் பின்னால் ஓட்டினோம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். பழைய காலத்து ரசிகருக்குப் பின்னால் ஓட்டுகிற வசதிகூடக் கிடையாது. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். வானொலியில் வந்தால் வந்தது, போனால் போனது. மறுபடி எப்போது வருமோ என்ற பயத்தில் கேட்டவனுக்கு இடங்கள் மனப்பாடமாயின. நமக்கு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். அதனால் எந்த இடமும் மனதில் பதியாமல் போகிறது. குறை பாட்டில் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்த ஆண்டு வந்த பாடல்களில் உங்களுக்குப் பிடித்தவற்றை இன்று இரவே எழுதுங்கள். சந்தோஷ் நாராயணன் என்று எழுதினாலும் சரி, அனிருத் என்று எழுதினாலும் சரி, பனிமய மாதா கோவில் பாடற்குழு என்று எழுதினாலும் சரி. ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே, அதில் உங்களை நிறுத்திய இடம் எது என்று ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வராத பாட்டை மறுபடி ஒருமுறை கேளுங்கள். அப்போதும் எழுத வரவில்லை என்றால் அதை அடித்துவிடுங்கள். அடித்தது போக மூன்று பாட்டு மிஞ்சினாலும் அது உங்கள் பட்டியல். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள். நான் கேட்கும் ஆளாக முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.